குட்டி யானையில் ஏறிய தெரு

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகிற வழியில் இருக்கும் அந்தத் தெருவைச் சுற்றி மஞ்சள் கயிற்றைக் கட்டியவள் அங்கேயே குடியிருக்கும் இளமதிதான். அம்மன் கட்டவில்லை. வடக்கு முனைக்காரர்கள் கட்டவில்லை, தெற்கு முனைக்காரர்களும் கட்டவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அந்தத் தெருவில் போய்க் கேட்டால் இன்றைக்கும் ஒருத்தரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இளமதி சிதம்பரத்தில் ஒப்பீட்டுச் சமயத் துறையில் ஆராய்ச்சி மாணவி. அவள் எடுத்துக்கொண்ட பொருள் கொஞ்சம் விநோதமானது. யூதர்கள் ஓய்வு நாளில் வீட்டுக்கு வெளியே எந்தப் பொருளையும் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. சாவிக்கொத்துகூடக் கூடாது, கைக்குழந்தைகூடக் கூடாது. மனுஷன் இப்படி எத்தனை காலம் இருப்பான்? அதனால் அவர்களுடைய குருமார்கள் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கம்பம் நட்டு, தெருவைச் சுற்றி மேலே ஒரு கயிறு கட்டிவிட்டால் மொத்தத் தெருவும் ஒரே வீடு. அதற்குப் பெயர் ஏரூவ். கயிற்றுக்குள்ளே குழந்தையைத் தூக்கலாம், குழம்புச் சட்டியையும் தூக்கலாம். அதே போல, திறந்த வெளியில் தொழுகிற முஸ்லிம் தனக்கு முன்னால் ஒரு குச்சியையோ பையையோ வைத்துக்கொள்வார். அது சுத்ரா. அதற்கும் அவருக்கும் நடுவில் யாரும் குறுக்கே போக மாட்டார்கள். இரண்டுமே சுவர் இல்லை, ஆனால் சுவர்தான். இல்லாத சுவருக்கு மனுஷன் ஏன் கட்டுப்படுகிறான் என்பதுதான் கேள்வி. கயிற்றை இளமதியும் குச்சியை அவளுடைய தோழி, பரங்கிப்பேட்டை ஹமீதாவும் பங்கு போட்டுக்கொண்டு ஆராய்ந்தார்கள்.

வழிகாட்டிப் பேராசிரியர் தில்லைநாதன் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்குக் களஆய்வு வேண்டும். "தியரி எல்லாம் சரிம்மா. களம் எங்க? சிதம்பரத்துல எனக்கு ஒரே ஒரு யூதரக் காட்டு, பாப்போம்" என்பார். அவரிடம் சொந்தமாக ஒரு தலைப்பு நெடுநாளாகத் தூங்கிக்கொண்டிருந்தது: 'கடலூர் மாவட்டத்துப் பயணியர் நிழற்குடைகள் – ஓர் ஆய்வு'. வருகிற மாணவர்களிடமெல்லாம் அதைத் தள்ளிப் பார்த்தார். எல்லாரும் தப்பித்துவிட்டார்கள். இந்த வாரம் நடக்கும் மாணவர் கருத்தரங்குக்கு ஹைதராபாத்திலிருந்து ஒரு வல்லுநர் அம்மாள் வருகிறார் என்றும், யூத, இஸ்லாமியச் சமயங்களைப் பற்றிய புது ஆய்வுகளை அவர்தான் எடை போடப் போகிறார் என்றும், அவருக்குத் திருப்தி இல்லையென்றால் திங்கட்கிழமையிலிருந்து இளமதி நிழற்குடைகளுக்குப் போக வேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டார்.

 இளமதி மூன்று வருஷமாகக் கயிற்றோடு கிடந்தவள். அந்தப் பொருளின் மேல் அவளுக்கு உயிர். நிழற்குடைகளின் மேல் அவளுக்கு ஒரு விரோதமும் இல்லை, ஆனால் வாழ்நாளை அதன் அடியில் கழிக்க அவள் தயாராக இல்லை.

களம் இல்லையென்றால் படமாவது காட்டலாமே என்று யோசித்தாள். கருத்தரங்குக்கு முதல் நாள் சாயங்காலம் வலைக்கடைக்குப் போய் ஓர் உருண்டை நைலான் கயிறு கேட்டாள். கடையில் மஞ்சள்தான் இருந்தது. ஏணி வைத்து விளக்குக் கம்பத்துக்கு விளக்குக் கம்பம் கட்டிக்கொண்டே போய்த் தெருவைச் சுற்றி வந்துவிட்டாள். தெருக்காரர்கள் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த வழியாகப் போனவர்கள் கேபிள் டிவிக்காரர்கள் புதிதாகப் பெண்பிள்ளையை வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். படம் எடுத்தாள். படம் நன்றாக வந்தது. கயிற்றைக் காலையில் அவிழ்த்துக்கொள்ளலாம் என்று போய்ப் படுத்துவிட்டாள்.

மஞ்சள் கயிறு, ஆடி மாதம். யூதச் சட்டத்தைக் கரைத்துக் குடித்த பெண்ணுக்குத் தன் தெருவின் சட்டம் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை பாருங்கள்.

மாரியம்மன் திருவிழாவுக்கு மஞ்சள் கயிறும் வேப்பிலையுமாகக் காப்பு கட்டிவிட்டால், முடிகிற வரைக்கும் வெளியூரில் போய் ராத்திரி தங்கக் கூடாது என்பது பல ஊர்களில் இருக்கிற வழக்கம். இந்தத் தெருவில் அம்மனுக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. காப்பு கட்டிய முதல் நாள் யாரும் எல்லையைத் தாண்டவே கூடாது. போதாக்குறைக்கு, காப்பு கட்டுகிற உரிமை வடக்கு முனைக்கா தெற்கு முனைக்கா என்ற சண்டையில் இரண்டு ஆடியாகத் திருவிழாவே நடக்கவில்லை. கூழ் வார்க்காத தெரு என்று பக்கத்துத் தெருக்காரர்கள் கேலி பேசிக்கொண்டிருந்தார்கள்.

காலையில் இளமதி நல்ல புடவை கட்டி, மடிக்கணினிப் பையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். கயிறு முழுக்க, விடியலில் அதைப் பார்த்த பெண்கள் செருகிய வேப்பிலைக் கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. தெரு நடுவில் கூட்டம். வடக்கு முனைக்காரர்கள் தெற்கு கட்டிவிட்டது என்று வேட்டியை மடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். தெற்கு முனைக்காரர்கள் வடக்கு கட்டிவிட்டது என்று அதே மாதிரி வந்திருந்தார்கள். நடுவில் சந்தித்து, "நாங்க கட்டல", "நாங்களும் கட்டல" என்று சொல்லிக்கொண்ட பிறகு எல்லாரும் அண்ணாந்து கயிற்றைப் பார்த்தார்கள். இட்லிக் கடை கொளஞ்சியம்மாள்தான் முதலில் தெளிந்தாள். "ஆத்தாளே கட்டிக்கிட்டாடி!" என்று ஒரு குலவை போட்டாள். சண்டை அதோடு தீர்ந்தது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

இளமதி ஓடினாள். "பெரியம்மா, கட்டினது நான்தான்!"

"தெரியுது பாப்பா. உன் கையால கட்டிக்கிட்டா" என்றாள் கொளஞ்சியம்மாள், அவள் நெற்றியில் மஞ்சளைத் தடவியபடி.

"ஐயோ, இது யூதர்களோட கயிறு பெரியம்மா."

"யாரு அவுங்க? வடக்கா, தெக்கா?"

"வெளிநாட்டுல இருக்கவுங்க."

"அங்கயும் கயிறு கட்டுவாங்களா?"

"கட்டுவாங்க. ஆனா..."

"அப்பறம் என்னா? சரியாத்தான கட்டியிருக்க."

விழாக் குழுச் செயலாளர் ராஜவேல் நடுவில் வந்தார். ஷேர் ஆட்டோ ஓட்டுபவர், வடக்கு முனை. "யார் கட்டுனா என்னா பாப்பா? தெரு ஒத்துக்கிச்சில்ல. இனிமே அது காப்புதான். இன்னைக்கு ஒரு ஆட்டோ நகராது, என்னுதும் சேத்து" என்றார்.

கயிற்றின் அதிகாரம் கட்டியவரிடமிருந்து வருவதில்லை, ஏற்றுக்கொண்ட தெருவிடமிருந்து வருகிறது என்று மூன்றாம் அத்தியாயத்தில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தவள் இளமதி. தான் எழுதியதில் தானே மாட்டிக்கொண்ட ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை முட்டியது. யூதக் கயிறு ஆளை வெளியே நடமாட விடுவதற்கு, இவர்கள் கயிறு ஆளை உள்ளே பிடித்து வைப்பதற்கு. அதே கயிறு!

அம்மா லோகநாயகி வழியை மறித்துக்கொண்டு நின்றாள். "கால எடுத்து வெளிய வச்ச, அப்பறம் எங்கிட்ட பேசாத."

"அம்மா, இன்னைக்குப் போவலன்னா என்னை நிழற்குடைல தள்ளிடுவாரும்மா!"

"நல்லதுதான. வெயில்ல நிக்கிற சனத்துக்கு ஆவும்."

இளமதி விறுவிறுவென்று தெருமுனைக்குப் போனாள். மேலே கயிறு, கீழே தார் ரோடு. எதிரே சிதம்பரம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நாமே கட்டிய கயிறு, நமக்கென்ன என்று காலைத் தூக்கினாள். கால் போகவில்லை. படித்த படிப்பெல்லாம் போ போ என்றது, கால் மட்டும் மாட்டேன் என்றது. தெரு மொத்தமும் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது ஹமீதா போன் செய்தாள். அவள் ஏற்கெனவே சிதம்பரம் போய்ச் சேர்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் நன்றாகச் சிரித்தாள். அதற்கே அவளைக் கொல்லலாம். பிறகு சொன்னாள்: "பயணத்துல இருக்கவுங்க என்னா செய்வாங்க இளா? ஒட்டகத்துச் சேணத்தையே முன்னால வச்சுத் தொழுவாங்க. செவுரு அவுங்க கூடவே போவும். நீயும் எடுத்துக்கிட்டு வா."

"எதை?"

"கயித்த."

இளமதி திரும்பி ராஜவேலிடம் வந்தாள். "மாமா, கரகம் ஜோடிக்கக் கடற்கரைக்குப் போறீங்களே, அப்ப எல்லையத் தாண்டித்தான போறீங்க?"

"அது வேற. அம்மன் கூட வர்றாளே."

"அப்ப காப்பு கூட வந்தா?"

ராஜவேல் தாடையைச் சொறிந்தார். தெரு சும்மா இருக்குமா? வடக்கு ஒன்று சொன்னது, தெற்கு ஒன்று சொன்னது. கயிறு பெரிதா கயிற்றுக்குள் இருக்கிற ஆள் பெரிதா என்றது ஒரு குரல். ஆள் இல்லாத கயிறு கொடிக்கயிறு, துணி காயப்போடலாம் என்றது இன்னொன்று. பழைய யூத குருமார்களின் வாதங்களைப் பக்கம் பக்கமாகப் படித்தவளுக்கு இந்தக் கூச்சல் நன்றாகப் பழகிய கூச்சலாக இருந்தது. கடைசியில் தீர்ப்பு வந்தது. போகலாம். ஆனால் கயிறு அதே உருண்டையிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். ஒற்றை ஆள் தெரு ஆக முடியாது, ஆகவே இரண்டு முனையிலிருந்தும் ஆட்கள் கூடப் போக வேண்டும். கூழ்ப் பானையும் வர வேண்டும், கூழ் இல்லாமல் என்ன காப்பு?

இளமதிக்கு உடம்பு சிலிர்த்தது. கயிறு மட்டும் போதாது, கயிற்றுக்குள் எல்லாருக்கும் பொதுவான உணவு இருந்தால்தான் ஏரூவ் செல்லும் என்று யூதச் சட்டமும் சொல்கிறது. கொளஞ்சியம்மாளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கட்டிக்கொண்டாள்.

வண்டி அதே தெரு லூர்துசாமியுடையது. பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் ஏற்றி வருகிற குட்டி யானை. "ஏன் லூர்து, காப்பு நமக்கு, நீ எதுக்கு வண்டி வுடுற?" என்று ஒருத்தர் வம்புக்கு இழுத்தார். "அந்தோணியார் தேரு வர்றப்ப யாரு மச்சான் தோள் குடுத்தது? ஏறுங்கய்யா பேசாம" என்றார் லூர்துசாமி. வண்டியைப் பின்னால் எடுத்துப் பாதி உடம்பைத் தெருவுக்குள் நிறுத்தினார், யாருடைய காலும் வெளி மண்ணில் படக் கூடாதே. நாலு மூலையிலும் மூங்கில் கம்பு, சுற்றி மஞ்சள் கயிறு, வேப்பிலை. வடக்கை நம்பித் தெற்கு காப்பை அனுப்பாது, தெற்கை நம்பி வடக்கு அனுப்பாது. அதனால் இரண்டு பக்கமும் போட்டி போட்டு ஏறின. நடுவில் கூழ்ப் பானை. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு லோகநாயகி. மகளின் ஆராய்ச்சியை முதன்முறையாகப் பார்க்கப் போகிற சந்தோஷத்தில் காலையில் போட்ட சண்டையை மறந்துவிட்டாள்.

புதுச்சத்திரம் தாண்டி ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். "சரக்கு வண்டியில ஆள் ஏத்தக் கூடாதுன்னு தெரியாதா?"

"நாங்க ஏறல தம்பி" என்றாள் கொளஞ்சியம்மாள். "தெருவுலதான் நிக்கிறோம்."

போலீஸ்காரர் வேப்பிலையைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு மெல்லக் கேட்டார்: "எங்க ஊர்லயும் காப்பு கட்டியாச்சும்மா. நான் டூட்டிக்குன்னு தாண்டி வந்துட்டேன். ஒண்ணும் ஆவாதே?" கொளஞ்சியம்மாள் விபூதி பூசி, ஒரு டம்ளர் கூழும் கொடுத்தாள். "மெதுவா ஓட்டணும்" என்று எச்சரித்து வண்டியை அனுப்பினார் போலீஸ்காரர்.

சிதம்பரம் வளாகத்தில் நாலு பேர் கம்பைத் தூக்க, கயிறு சுற்றி வர, தெரு இறங்கி நடந்தது. வாசலில் காவலாளி, "எந்த டிபார்ட்மென்ட்?" என்றார். "மாரியம்மன் டிபார்ட்மென்ட்" என்று சொல்லிக்கொண்டே கொளஞ்சியம்மாள் உள்ளே போய்விட்டாள்.

கருத்தரங்கு மண்டபத்துத் தாழ்வாரத்தில் ஹமீதா மதியத் தொழுகையான லுஹர் தொழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் அவளுடைய பை. தெருவுக்கு அதுதான் நேர் வழி. பைக்கும் அவளுக்கும் நடுவில் தாராளமாக இடம் கிடந்தது. நிற்கும்படி யாரும் சொல்லவில்லை. முன்னால் போன ராஜவேல் கையைத் தூக்கினார். தெரு நின்றது. பிறகு அப்படியே திரும்பி, படியில் இறங்கி, காகிதப்பூச் செடிகளுக்குள் புகுந்து, புடவைகளை முள்ளில் கிழித்துக்கொண்டு சுற்றிப் போனது. சாப்பாட்டுத் தட்டோடு வெளியே வந்த ஹைதராபாத் அம்மாள் இதைப் பார்த்துவிட்டுச் சோற்றை வாயில் வைக்க மறந்து நின்றார்.

உள்ளே மின்விசிறிகள் இடிக்கும் என்பதால் கம்புகளை இறக்கிக் கயிற்றை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்தார்கள். தில்லைநாதனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்னம்மா இது, ஊர்வலமா?"

"களம் கேட்டீங்களே சார். வந்திருக்கு."

கயிற்றுக்குள் நின்றபடியே இளமதி கட்டுரை வாசித்தாள். பதற்றத்தில் முதலில் நாக்கு குழறியது. பிறகு கயிறு, கூழ், கரகம், குருமார்கள் என்று ஆரம்பித்தவள் தன்னை மறந்து பேசினாள். ஹமீதா சேணத்தையும் பையையும் பற்றிச் சொன்னபோது தெரு ஒருமனதாகத் தலையாட்டியது. லோகநாயகி பக்கத்திலிருப்பவர்களிடம், "எம் பொண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்தவர்கள் அவள் தெருக்காரர்கள்தான்.

தில்லைநாதன் எழுந்தார். "எல்லாம் கேக்க நல்லாருக்கு. ஆனா இவுங்க பழக்கத்துல வளந்தவுங்க. படிச்சவன் ஒருத்தன், வெளியாளு, இதுக்குக் கட்டுப்படுவானா? அப்படி ஒருத்தன காட்ட முடியாதுன்னா இது ஆய்வே இல்ல. தலைப்ப மாத்திடலாம்."

இளமதி கட்டுரையைப் புரட்டிப் பார்த்தாள். அப்படி ஒருத்தர் அதில் இல்லை.

"இத பாருங்க" என்று அவர் முன்னால் வந்து, குனிந்து, கயிற்றுக்கு அடியில் நுழைந்து உள்ளே நின்றார். கயிற்றை விரலால் சுண்டினார். "சாதாரண நைலான். மீன் வலைக் கயிறு. இதுல என்னா இருக்கு?" என்று அவையைப் பார்த்துக் கேட்டார். பக்கத்திலிருந்த கொளஞ்சியம்மாள், வந்த மனுஷனைச் சும்மா நிற்க விடலாமா என்று ஒரு டம்ளர் கூழை நீட்டினாள். மரியாதைக்கு வாங்கினார். குடித்ததும் முகம் மாறியது, மறுபடியும் வாங்கிக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு தன் நாற்காலிக்குப் போகத் திரும்பினார்.

"சார், எங்க போறீங்க?" என்றாள் கொளஞ்சியம்மாள், ரொம்பச் சாதாரணமாக. "உள்ள வந்து கூழும் குடிச்சிட்டீங்க. நீங்களும் நம்ம தெருதான். மொத நாளு தாண்டக் கூடாது. நாளைக்குக் காலையில போவலாம்."

மண்டபம் சிரித்தது. தில்லைநாதனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கயிற்றைப் பிடித்துக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். யாரும் அவரைப் பிடிக்கவில்லை, தடுக்கவுமில்லை. தெரு அவரைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை, பாவம் ஏதாவது ஆகிவிடப் போகிறதே என்ற கவலையோடு பார்த்தது.  மெல்ல நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இங்க உக்காந்தாலும் திரை நல்லாத்தான் தெரியுது" என்றார்.

ஹைதராபாத் அம்மாள் மேசையைத் தட்டிய தட்டில் தண்ணீர் பாட்டில் உருண்டது. "படித்தவர், வெளியாள், களத்திலேயே கிடைத்துவிட்டார். தலைப்பு அப்படியே இருக்கட்டும். வேகமாக எழுதி முடியுங்கள்" என்றார். ஹமீதா ஓடி வந்து கயிற்றுக்கு வெளியிலிருந்தே இளமதியைக் கட்டிக்கொண்டாள். இளமதி அழுதாள், சிரித்தாள், எது எப்போது என்று அவளுக்கே தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு வாழ்க்கையில் அதுவரை வந்ததில்லை.

சாயங்காலம் தெரு வீட்டுக்குத் திரும்பியது. குட்டி யானையின் பின்பக்கம், கூழ்ப் பானைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தில்லைநாதன் மனைவிக்குப் போன் செய்தார். "இல்லம்மா, ராத்திரிக்கு வர முடியாது. கடலூர் போறேன்... அதெல்லாம் ஒண்ணுமில்ல, களஆய்வுதான்" என்று சொல்லிவிட்டு, இளமதி பக்கம் திரும்பாமல் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இளமதியும் வெளியே வேடிக்கை பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டாள். ராஜவேல் கை கடுக்கிறதென்று மூலைக் கம்பை அவரிடம் நீட்டினார். அவர் எழுந்து நின்று அதை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆலப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது, கயிறு இழுபட்டது. தில்லைநாதன் பதறிப்போய் ஓட்டுநர் பக்கமாகக் கத்தினார்:

"மெதுவாப் போப்பா லூர்து! தெரு அறுந்துடப் போவுது!"